வீக் ரெஃபரன்ஸைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் வேலை செய்பவர்கள் வீக் ரெஃபரன்ஸ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. தேவைப்படும் இடங்களில் டாட்நெட், லூவா, கோ மொழி பற்றியும் சொல்லியிருக்கிறேன். கேள்விகள் பல வடிவத்தில் வந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான்: ரெஃபரன்ஸ் சுட்டும் ஆப்ஜெக்ட் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? இதை முடிவு செய்யாமல் வீக் ரெஃபரன்ஸில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வீக் ரெஃபரன்ஸ் என்றால் என்ன?

தேவையற்ற ஆப்ஜெக்டுகளின் நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் குப்பைச் சேகரிப்பான் சில வேர்களிலிருந்து தன் வேலையைத் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்களின் உள்மாறிகள், ஸ்டாட்டிக் மாறிகள் போன்றவையே அந்த வேர்கள். அங்கிருந்து ஒரு ரெஃபரன்ஸைப் பிடித்து அடுத்த ஆப்ஜெக்டுக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் போகும். இப்படிப் போய்ச் சேர முடிந்த ஆப்ஜெக்டுகள் பிழைத்திருக்கும். எட்ட முடியாதவை நீக்கப்படும்.

சாதாரண ரெஃபரன்ஸ் ஒவ்வொன்றும் இந்தப் பாதையில் ஒரு கண்ணி. அதை வலுவான பிடி என்று சொல்லலாம். வீக் ரெஃபரன்ஸ் இந்தப் பாதையில் சேராது. அதை வைத்து ஆப்ஜெக்டைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அது இருப்பதற்காகச் சேகரிப்பான் ஆப்ஜெக்டை விட்டுவைக்காது. ஒருவருடைய முகவரியை நாம் குறித்து வைத்திருக்கிறோம் என்பதற்காக அவர் வீட்டைக் காலி செய்யாமல் இருக்கப் போவதில்லை, அதுபோலத்தான் இதுவும். போய்க் கதவைத் தட்டும்போது யாரும் இல்லாமலும் இருக்கலாம் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டுதான் எழுத வேண்டும்.

சேகரிப்பான் இருக்கும்போது நினைவகக் கசிவு எப்படி வரும்?

சேகரிப்பானுக்குத் தெரிந்தது எட்ட முடியுமா முடியாதா என்பது மட்டுமே. நமக்கு அது இன்னும் தேவையா என்பது அதற்குத் தெரியாது. ஒரு திரையை மூடிவிட்டோம். ஆனால் அந்தத் திரை, நிரல் முழுவதும் வாழும் ஒரு நிகழ்வு மையத்தில் தன்னை லிஸனராக, அதாவது நிகழ்வு நடந்தால் அழைக்க வேண்டிய ஆப்ஜெக்டாக, பதிவு செய்திருந்தது. மையத்தின் பட்டியல் அந்தத் திரையை வலுவாகப் பிடித்திருக்கிறது. திரை தன் படங்களையும் பட்டியல்களையும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு பதிவை நீக்க மறந்ததால் இத்தனையும் நினைவகத்தில் தங்கிவிடும். ஆண்ட்ராய்டில் ஆக்டிவிட்டி (ஒரு திரைக்கான ஆப்ஜெக்ட்) கசிவது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எப்போது பயன்படுத்தலாம்?

அந்த ஆப்ஜெக்டை வலுவாகப் பிடித்து வைத்திருக்கும் உரிமையாளர் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையாளர் அதை விட்டுவிட்டால் நமக்கும் அது வேண்டாம் என்ற நிலை இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் வீக் ரெஃபரன்ஸ் சரியான கருவி. நாம் எழுதாத ஒரு கிளாஸின் ஆப்ஜெக்டுடன் கூடுதல் தகவலை ஒட்டிவைப்பது, ஒரே மதிப்புக்கு ஒரே பிரதி மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, ஒரு ஆப்ஜெக்ட் உண்மையிலேயே விடுபட்டதா என்று கண்காணிப்பது ஆகியவை நல்ல பயன்கள்.

கசிவு எங்கே என்று தெரியவில்லை, அதனால் நாலைந்து இடத்தில் வீக் ரெஃபரன்ஸ் போட்டுப் பார்ப்போம் என்று இறங்குவது ஆபத்து. அப்போது கசிவு மறைந்து, அதன் இடத்தில் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழை வந்து உட்கார்ந்துகொள்ளும். கசிவையாவது ஹீப்பின் (ஆப்ஜெக்டுகள் இருக்கும் நினைவகப் பகுதியின்) பதிவை எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். எப்போதாவது வரும் பிழையைத் துரத்துவது மிகக் கடினம்.

‘இருக்கிறதா’ என்று பார்த்த பிறகுதான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் சில நேரம் ஆப்ஜெக்ட் இல்லை என்பதைக் குறிக்கும் வெற்று மதிப்பு வருகிறதே?

பிழைகளில் மிகப் பரவலானது இதுதான். கீழே ஜாவாவில் எழுதப்படுவதைத் தமிழ்ப் பெயர்களில் தருகிறேன்:

    பிடி.கெட்() வெற்று இல்லை எனில்
        பிடி.கெட்().வரை()

இங்கே ‘கெட்’ இரண்டு முறை அழைக்கப்படுகிறது. முதல் அழைப்பில் ஆப்ஜெக்ட் இருந்தது. ஆனால் அந்த விடையை எந்த மாறியிலும் வைக்கவில்லை. சரிபார்த்த கணத்திலேயே அந்த வலுவான பிடி போய்விட்டது. இரண்டு அழைப்புகளுக்கும் நடுவே சேகரிப்பான் ஓடினால் இரண்டாவது அழைப்பு வெற்று மதிப்பைத் தரும், நிரல் விழும். கணினியில் நினைவகம் தாராளமாக இருக்கும்போது சேகரிப்பான் அரிதாகத்தான் ஓடும் என்பதால், எழுதியவரின் மேசையில் இது பிழையின்றி ஓடும். சுமை ஏறிய சர்வரில்தான் விழும்.

சரியான வடிவம் இது:

    படம் = பிடி.கெட்()
    படம் வெற்று எனில் திரும்பு
    படம்.வரை()

ஒரே முறை கேட்க வேண்டும். கிடைத்ததை ஓர் உள்மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மாறியை மட்டுமே சோதித்து, அதையே பயன்படுத்த வேண்டும். மாறியில் வந்த பிறகு அது வலுவான பிடி. நாம் அதைப் பயன்படுத்தி முடிக்கும்வரை ஆப்ஜெக்ட் எங்கும் போகாது.

டாட்நெட்டில் ‘இஸ்அலைவ்’ என்ற பண்பு இதே வலையை விரிக்கிறது. ‘உயிரோடு இல்லை’ என்று அது சொன்னால் நம்பலாம். ‘இருக்கிறது’ என்று சொன்னால் அந்தத் தகவல் கைக்கு வரும் முன்பே பழையதாகியிருக்கலாம். 2012-இல் டாட்நெட் 4.5-உடன் வந்த வீக் ரெஃபரன்ஸின் ஜெனரிக் வடிவத்தில் இந்தப் பண்பே கிடையாது. ‘ட்ரைகெட்டார்கெட்’ என்ற மெத்தடை அழைத்து, சோதிப்பதையும் எடுப்பதையும் ஒரே வீச்சில் செய்தாக வேண்டும். நல்ல வடிவமைப்பு என்று இதைத்தான் சொல்வேன். தவறாக எழுத வழியே வைக்கவில்லை.

பைத்தானின் வீக் அகராதிகளிலும் இதே கதை. சாவி உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு எடுப்பது தவறு. ‘கெட்’ அழைத்து வாங்கி, வாங்கியதைச் சோதியுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டிலும் இந்த ஆபத்து உண்டா?

ஒரு எல்லைக்குள் இல்லை. 2021-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ‘வீக்ரெஃப்’ ஒரு நல்ல உறுதியைத் தருகிறது. ‘டீரெஃப்’ அழைத்து ஆப்ஜெக்ட் கிடைத்துவிட்டால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலைத் துண்டு முடியும்வரை அது நீக்கப்படாது. ஆனால் நடுவில், வேறொரு வேலை முடியக் காத்திருக்கும் ‘அவெய்ட்’ வந்தால் அந்த உறுதி முடிந்துபோகும். ‘அவெய்ட்’ தாண்டிய பிறகு மறுபடி ‘டீரெஃப்’ அழைத்தால் வேறு விடை வரலாம். எனவே உள்மாறியில் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை இங்கேயும் விட வேண்டாம்.

ஜாவாவில் பல வகை இருக்கிறதே, எதை எடுப்பது?

1998-இல் ஜாவா 1.2 வந்தபோது வீக், சாஃப்ட், ஃபேன்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வந்தன. வீக் ரெஃபரன்ஸ் பற்றி மேலே பார்த்தோம். சாஃப்ட் ரெஃபரன்ஸ் நினைவகம் நெருக்கடியாகும்வரை ஆப்ஜெக்டைத் தக்கவைக்கப் பார்க்கும். நினைவகம் தீர்ந்தது என்ற பிழை எழும் முன் அவை அனைத்தும் விடுவிக்கப்படும் என்பது மட்டுமே அதில் உறுதி. ஃபேன்டம் ரெஃபரன்ஸில் ‘கெட்’ எப்போதும் வெற்று மதிப்பையே தரும். ஆப்ஜெக்டை மீட்டுப் பார்க்க வழி இல்லை. அது போய்விட்டது என்ற செய்தி மட்டும், ரெஃபரன்ஸை உருவாக்கும்போது நாம் கொடுத்த வரிசையில் வந்து சேரும். போன பிறகு சுத்தம் செய்ய மட்டுமே அது உதவும். அதைக்கூட இப்போது நேரடியாகத் தொட வேண்டியதில்லை. ஜாவா 9-இல் வந்த ‘கிளீனர்’ அதைத் தன்னுள் வைத்திருக்கிறது.

வீக்ஹேஷ்மேப் போட்ட பிறகும் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் ஜாவாவின் வீக்ஹேஷ்மேப்பில் சாவி மட்டும்தான் தளர்வாக, அதாவது வீக் ரெஃபரன்ஸ் மூலம், பிடிக்கப்படுகிறது. மதிப்பு வலுவான பிடியில் இருக்கிறது. இந்த ஒரு வரியை ஆவணத்தில் படித்தும் கடந்துபோகிறவர்கள் ஏராளம்.

ஒரு பயனர் ஆப்ஜெக்டைச் சாவியாகவும் அவருடைய அமர்வுத் தகவலை மதிப்பாகவும் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அமர்வு ஆப்ஜெக்டுக்குள் ‘பயனர்’ என்று ஒரு புலம் இருக்கிறது. அது அதே பயனரைச் சுட்டுகிறது. இப்போது பாதையைத் தொடர்ந்து பாருங்கள். மேப் உயிரோடு இருக்கிறது. மேப் அமர்வை வலுவாகப் பிடித்திருக்கிறது. அமர்வு பயனரை வலுவாகப் பிடித்திருக்கிறது. ஆக, சாவி வேரிலிருந்து வலுவாகவே எட்டப்படுகிறது. வெளியில் எல்லோரும் பயனரை விட்டுவிட்டாலும் அந்தப் பதிவு ஒருபோதும் போகாது. புலம் நேரடியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மதிப்பிலிருந்து நாலு ஆப்ஜெக்ட் தாண்டி, ஏதோ ஒரு லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) சாவியைப் பிடித்திருந்தாலும் போதும்.

இதற்கான தீர்வுக்கு எஃபிமெரான் என்று பெயர். பாரி ஹேய்ஸ் 1997-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதை விரிவாக விளக்கியது. சாவி வேறு வழியில் எட்டப்பட்டால்தான் மதிப்பையும் எட்டியதாகக் கணக்கில் கொள்வது என்பதே விதி. மதிப்பு சாவியைச் சுட்டினாலும் அதனால் சாவி பிழைக்காது. ஜாவாஸ்கிரிப்டின் வீக்மேப், டாட்நெட்டின் ‘கண்டிஷனல்வீக்டேபிள்’, லூவா 5.2 முதல் சாவி மட்டும் தளர்வாக உள்ள டேபிள்கள் ஆகிய மூன்றும் இந்த விதிப்படி நடக்கின்றன. ஜாவாவின் வீக்ஹேஷ்மேப்பும் பைத்தானின் ‘வீக்கீடிக்ஷனரி’யும் அப்படி இல்லை. அவற்றில் மதிப்பு சாவியைச் சுட்டாதபடி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால், அந்தத் தகவலைச் சாவியின் கிளாஸுக்குள்ளேயே ஒரு புலமாக வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதுவே எளிய வழி.

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பை வைக்க உதவும் ஜாவாவின் ‘த்ரெட்லோக்கல்’ கசிவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு த்ரெட்டுக்குள்ளும் இருக்கும் மேப்பில் த்ரெட்லோக்கல் தளர்வான சாவி. அதில் வைத்த மதிப்பு வலுவானது. த்ரெட்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் த்ரெட் பூலில் அவை எளிதில் சாவதில்லை. வேலை முடிந்ததும் ‘ரிமூவ்’ அழைப்பதைத் தவிர நம்பகமான வேறு வழி கிடையாது.

சாவியாகச் சரத்தையோ எண்ணையோ வைக்கலாமா?

கூடாது. ஜாவாவில் நிரலுக்குள் மேற்கோளில் எழுதிய சரம் பொதுத் தொகுப்பில் இருக்கும். அந்தக் கிளாஸ் ஏற்றப்பட்டிருக்கும்வரை போகாது. −128 முதல் 127 வரையிலான இன்டிஜர் ஆப்ஜெக்டுகளும் தானாகப் பெட்டியிடப்படும்போது பொதுவான சேமிப்பிலிருந்தே வருகின்றன. அவற்றைச் சாவியாக வைத்தால் பதிவு என்றென்றும் தங்கும். மாறாக, ஓடும்போது உருவான சரத்தையோ 1000 என்ற எண்ணையோ வைத்தால், நீங்கள் எதிர்பாராத நேரத்தில் பதிவு காணாமல் போகும். சமமான இன்னொரு சரம் கையில் இருந்தும் பயனில்லை. அடையாளம் உள்ள ஆப்ஜெக்டுகள்தான் தளர்வான சாவிக்குத் தகுதியானவை; மதிப்பால் மட்டும் ஒப்பிடப்படுபவை அல்ல.

ஜாவாஸ்கிரிப்டின் வீக்மேப் எண்ணையும் சரத்தையும் சாவியாக ஏற்கவே ஏற்காது. அந்தக் கண்டிப்பு நமக்கு நல்லது.

கேஷுக்கு வீக் ரெஃபரன்ஸ் பொருத்தமா?

பொதுவாக இல்லை. கேஷ் என்பது இப்போது யாரும் பிடித்திருக்காததை, நாளைக்குத் தேவைப்படும் என்று எடுத்து வைப்பது. யாரும் பிடித்திருக்காததை உடனே கைவிடுவதுதான் வீக் ரெஃபரன்ஸின் இயல்பு. இரண்டும் நேர் எதிர்.

சாஃப்ட் ரெஃபரன்ஸ் இதற்காகவே வந்தது என்று பல பாடங்களில் எழுதியிருப்பார்கள். நடைமுறையில் அதன் நடத்தை நம் கையில் இருக்காது. ஜாவாவை ஓட்டும் வழக்கமான மெய்நிகர் இயந்திரமான ஹாட்ஸ்பாட்டில் உள்ள இயல்பான அமைப்பின்படி, ஹீப்பில் காலியாக உள்ள ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 1000 மில்லி விநாடி என்று கணக்கிட்டு, கடைசியாகத் தொட்டதிலிருந்து அவ்வளவு நேரம் ஆப்ஜெக்ட் தக்கவைக்கப்படும். 2000 மெகாபைட் காலியாக இருந்தால், யாரும் தொடாத ஒரு படம் அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கும். அதே நிரலைச் சிறிய ஹீப்பில் ஓட்டினால் கேஷ் சில விநாடிகளில் வற்றிவிடும். எத்தனை பதிவு இருக்க வேண்டும், எது முதலில் போக வேண்டும் என்ற இரண்டு முடிவுகளையும் சேகரிப்பானிடம் ஒப்படைத்துவிட்டு, கேஷ் சரியாக வேலை செய்யவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

ஆண்ட்ராய்டு இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2.3 பதிப்பு முதல் அதன் சேகரிப்பான் சாஃப்ட், வீக் ரெஃபரன்ஸ்களை விரைவாக நீக்குவதால், படங்களுக்கான கேஷாக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் ஆவணத்தின் அறிவுரை. நீண்ட நேரம் தொடாததை முதலில் நீக்கும், அளவு வரம்புள்ள ‘எல்ஆர்யூகேஷ்’ போன்றவற்றையே அது பரிந்துரைக்கிறது. சர்வரிலும் அளவும் காலமும் வரம்பிட்ட கேஷ்தான் சரி. எவ்வளவு நினைவகம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

ஒரே மதிப்புக்கு ஒரே பிரதி என்று வைத்துக்கொள்வது மட்டும் வேறு விஷயம். நூறு இடத்தில் ஒரே நிறத்தின் ஆப்ஜெக்ட் தேவைப்படுகிறது. யாராவது ஒருவர் பிடித்திருக்கும்வரை அதே பிரதியைத் தரலாம். எல்லோரும் விட்டதும் போகட்டும். இதற்குப் பைத்தானின் ‘வீக்வேல்யூடிக்ஷனரி’ அச்சில் வார்த்தது போலப் பொருந்தும்.

லிஸனரைத் தளர்வாகப் பதிவு செய்தேன். சிறிது நேரம் வேலை செய்து, பிறகு நின்றுவிட்டது. என்ன ஆயிற்று?

லிஸனரை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை. ஜாவாவில் லாம்டாவை அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தால், தளர்வாகப் பிடித்திருக்கும் பட்டியலைத் தவிர அதற்கு வேறு ஆதரவு இருக்காது. அடுத்த சேகரிப்பில் போய்விடும். இதில் ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். வெளி மாறி எதையும் பிடிக்காத லாம்டாவை ஹாட்ஸ்பாட் ஒரே ஆப்ஜெக்டாக உருவாக்கி வைத்துக்கொள்வதால் அது நீடிக்கும். வெளி மாறியைப் பிடிக்கும் லாம்டா ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவதால் மறையும். ஒரு லாம்டாவில் சோதித்துச் சரி என்று முடிவு செய்துவிட்டு, அதற்குள் ஒரு மாறியைச் சேர்த்த நாளில் எல்லாம் நின்றுபோகும்.

பைத்தானில் இன்னும் வேகம். ஓர் ஆப்ஜெக்டின் மெத்தடை எடுத்து அதற்கு வீக் ரெஃபரன்ஸ் உருவாக்கினால், உருவாக்கிய வரியிலேயே அது இறந்திருக்கும். மெத்தடை எடுக்கும்போது ஆப்ஜெக்டையும் ஃபங்ஷனையும் சேர்த்து ஒரு தற்காலிக ஆப்ஜெக்ட் உருவாகிறது. நாம் தளர்வாகப் பிடிப்பது அதைத்தான். பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தான் ரெஃபரன்ஸ்களை எண்ணி நடத்துவதால், எண்ணிக்கை பூஜ்ஜியமான கணமே அது நீக்கப்படும். இதற்கென்றே பைத்தான் 3.4-இல் ‘வீக்மெத்தட்’ வந்தது. அது மெத்தடுக்குரிய ஆப்ஜெக்டையும் ஃபங்ஷனையும் தனித்தனியே நினைவில் வைத்து, கேட்கும்போது மறுபடி சேர்த்துத் தரும்.

ஆனாலும் லிஸனர் விஷயத்தில் என் பரிந்துரை வேறு. பதிவு செய்யும் இடத்திலேயே நீக்கும் இடத்தையும் எழுதிவிடுங்கள். திரை திறக்கும்போது பதிவு, மூடும்போது நீக்கம். தளர்வான பதிவில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. திரை மூடிய பின்னும் சேகரிப்பான் ஓடும்வரை லிஸனர் உயிரோடுதான் இருக்கும். நிகழ்வுகள் அதற்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். மூடிய திரையை அது புதுப்பிக்க முயலும். வெளிப்படையாக நீக்கினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பைத்தானில் அசிங்க்ஐஓ டாஸ்க் ஒன்று பாதியில் மறைந்துவிட்டது. இதற்கும் வீக் ரெஃபரன்ஸுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அசிங்க்ஐஓவில் டாஸ்க்குகளை மாறி மாறி ஓட்டும் நிகழ்வுச் சுழற்சி, தன்னிடம் உள்ள டாஸ்க்குகளைத் தளர்வாகவே பிடித்திருக்கிறது. ‘கிரியேட்_டாஸ்க்’ அழைத்துவிட்டு, அது தரும் ஆப்ஜெக்டை எந்த மாறியிலும் வைக்காமல் விட்டால், டாஸ்க் முடியும் முன்பே சேகரிக்கப்பட்டுவிடலாம். தரவுத்தளத்தில் ஒரு பதிவு எழுத வேண்டிய டாஸ்க் எந்தப் பிழைச் செய்தியும் சரியாக விடாமல் நின்றுபோவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். வீக் ரெஃபரன்ஸ் என்ற சொல்லை வாழ்நாளில் தட்டச்சு செய்யாதவரையும் இது பிடித்துவிடும்.

பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமே வழியும் சொல்கிறது. ஒரு செட் வைத்துக்கொண்டு, உருவாக்கிய டாஸ்க்கை அதில் சேருங்கள். முடிந்ததும் அழைக்கப்படும் கால்பேக்காக அந்தச் செட்டின் ‘டிஸ்கார்ட்’ மெத்தடைக் கொடுங்கள். ஓடும்வரை வலுவான பிடி, முடிந்ததும் தானாக விடுதலை. பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் ‘டாஸ்க்குரூப்’ இன்னும் நல்லது; தன் டாஸ்க்குகளை அதுவே வலுவாகப் பிடித்துக்கொள்ளும்.

வீக் ரெஃபரன்ஸ் உருவாக்க முடியாது என்று பைத்தான் பிழை காட்டுகிறது.

லிஸ்ட், டிக்ட், டூப்பிள், எண், சரம் ஆகியவற்றுக்கு நேரடியாக உருவாக்க முடியாது. லிஸ்டையும் டிக்டையும் வழித்தோன்றலாக்கி ஒரு கிளாஸ் எழுதினால் முடியும். டூப்பிளுக்கும் எண்ணுக்கும் அதுவும் உதவாது. நீங்கள் எழுதிய கிளாஸிலேயே இந்தப் பிழை வந்தால், புலங்களின் பெயர்ப் பட்டியலான ‘ஸ்லாட்ஸ்’ வரையறுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் ‘வீக்ரெஃப்’ என்ற சிறப்புப் பெயரை, முன்னும் பின்னும் இரண்டு அடிக்கோடுகளுடன், சேர்த்தால் சரியாகிவிடும்.

ஆப்ஜெக்ட் போகும்போது கோப்பையும் கனெக்ஷனையும் மூடும்படி செய்யலாமா?

முதன்மை வழியாக வேண்டாம். சேகரிப்பான் நினைவகம் குறைந்தால் ஓடும். திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஓடாது. ஹீப் பாதி காலியாக இருக்கும்போதே கோப்புகளுக்கான வரம்பு தீர்ந்துபோகலாம். ஜாவாவில் ட்ரை-வித்-ரிசோர்ஸஸ், பைத்தானில் வித், டாட்நெட்டில் யூஸிங் ஆகியவை இதற்குத்தான் இருக்கின்றன. யாராவது மூட மறந்தால் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது வலையாக மட்டும் கிளீனரை வைக்கலாம்.

ஜாவாவின் பழைய ‘ஃபைனலைஸ்’ மெத்தட் பக்கம் போகவே வேண்டாம். ஜாவா 9-இல் அது கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டது. 2022-இல் ஜாவா 18 வந்தபோது நீக்கப்படப் போகிறது என்றே அறிவித்துவிட்டார்கள். இறந்த ஆப்ஜெக்டை அது மறுபடி உயிர்ப்பிக்க இடம் கொடுத்தது அதன் பெரிய குறைகளில் ஒன்று.

கிளீனரைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது, சுத்தம் செய்யும் நிரல்துண்டு அந்த ஆப்ஜெக்டையே பிடித்திருக்கக் கூடாது. ஒரு லாம்டாவை எழுதி அதற்குள் ஒரு புலத்தைத் தொட்டாலே போதும். ‘திஸ்’ உள்ளே போய்விடும். கிளீனர் அந்த லாம்டாவை வலுவாகப் பிடிக்கும், லாம்டா ஆப்ஜெக்டைப் பிடிக்கும், ஆப்ஜெக்ட் ஒருபோதும் இறக்காது, சுத்தமும் நடக்காது. மூட வேண்டிய கைப்பிடியை மட்டும் தாங்கும் ஒரு தனி ஸ்டாட்டிக் கிளாஸை எழுதி அதைக் கொடுங்கள். பைத்தானின் ‘ஃபைனலைஸ்’ ஃபங்ஷனுக்கும், ஜாவாஸ்கிரிப்டின் ஃபைனலைசேஷன்ரெஜிஸ்ட்ரியில் கொடுக்கும் மதிப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் கால்பேக் அழைக்கப்படும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

மெத்தட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஆப்ஜெக்ட் சேகரிக்கப்படுமா?

நம்பக் கடினமாக இருந்தாலும், ஜாவாவில் சேகரிக்கப்படலாம். ஒரு மெத்தடின் நடுவில் ‘திஸ்’ கடைசியாகப் பயன்பட்ட வரியைத் தாண்டிவிட்டால், ஓட்டநேரக் கம்பைலரின் கணக்கில் அது இனித் தேவையில்லை. ஆப்ஜெக்டிலிருந்து வெளி நினைவகத்தின் முகவரியை ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்து வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். அதற்குள் ஆப்ஜெக்ட் போய், கிளீனர் ஓடி, அந்த வெளி நினைவகத்தையே விடுவித்துவிட்டால் என்ன ஆகும்? இதைத் தடுக்கத்தான் ஜாவா 9-இல் ‘ரீச்சபிலிட்டிஃபென்ஸ்’ வந்தது. வேலை முடியும் இடத்தில், ஃபைனலி பகுதிக்குள் அதை அழைத்தால் அதுவரை ஆப்ஜெக்ட் பிழைத்திருக்கும். சாதாரண நிரல்களில் இது தேவைப்படாது. வெளி நினைவகத்தையும் கிளீனரையும் சேர்த்துக் கையாள்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வீக் ரெஃபரன்ஸுக்குச் செலவு உண்டா?

உண்டு. ஜாவாவில் ஒவ்வொன்றும் தனி ஆப்ஜெக்ட். சேகரிப்பான் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். லட்சக்கணக்கில் உருவாக்கினால் இடைநிறுத்த நேரம் நீளலாம். சுட்டிய ஆப்ஜெக்ட் போன பிறகும் ரெஃபரன்ஸ் ஆப்ஜெக்ட் நம் பட்டியலில் வெறும் கூடாகக் கிடக்கும். அதை வரிசையில் பார்த்து அகற்றுவது நம் வேலை. வீக்ஹேஷ்மேப் இதைத் தானே செய்யும். ஆனால் அதன் மெத்தட் ஏதாவது அழைக்கப்படும்போதுதான் செய்யும்.

கோ மொழியில் இது இருக்கிறதா?

நீண்ட காலம் இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த 1.24 பதிப்பில் ‘வீக்’ தொகுப்பும், அதனுடன் ‘ஆட்கிளீனப்’ என்ற புதிய ஃபங்ஷனும் சேர்க்கப்பட்டன. மேலே சொன்ன அனைத்தும் அங்கேயும் பொருந்தும். ‘வேல்யூ’ அழைத்து, வந்ததை மாறியில் வாங்கி, ‘நில்’ தானா என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். ஆப்ஜெக்ட் போய்விட்ட நிலையில் நிரல் ஒழுங்காக நடக்கிறதா என்பது ஒன்று. இதற்குச் சேகரிப்பான் தேவையே இல்லை. ஜாவாவில் ரெஃபரன்ஸின் ‘கிளியர்’ மெத்தடை நாமே அழைத்து, வெற்று மதிப்பு வரும் வழியை ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலான சோதனைகளில் இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது.

ஆப்ஜெக்ட் உண்மையிலேயே விடுபடுகிறதா என்பது மற்றொன்று. ஜாவாவில் சேகரிப்பானை அழைக்கும் ‘சிஸ்டம்.ஜிசி’ ஒரு வேண்டுகோள் மட்டுமே; அமைப்பில் அதை முடக்கியும் வைத்திருக்கலாம். அதனால் ஒரே முறை அழைத்துவிட்டு முடிவு கட்டாமல், கால வரம்பு வைத்துத் திரும்பத் திரும்ப அழைத்துப் பாருங்கள். பைத்தானில் சுழற்சியாகப் பிணைந்த ஆப்ஜெக்டுகள் இருந்தால் ‘ஜிசி.கலெக்ட்’ அழைக்க வேண்டும். ஊடாடும் முனையில் சோதிப்பவர்கள் கவனிக்க: கடைசி விடையை அடிக்கோடு என்ற மாறி வலுவாகப் பிடித்திருக்கும். பிழை எழுந்திருந்தால் அதன் ட்ரேஸ்பேக் (பிழை வந்த பாதையின் பதிவு) உள்மாறிகள் அனைத்தையும் பிடித்திருக்கும். நோட்ஜேஎஸ்ஸில் ‘எக்ஸ்போஸ்-ஜிசி’ என்ற விருப்பத்துடன் ஓட்டி, ஓர் ‘அவெய்ட்’ தாண்டிய பிறகு சேகரிப்பானை அழையுங்கள். அதே வேலைத் துண்டுக்குள் அழைத்தால் வீக்ரெஃப் ஆப்ஜெக்டை விடாது.

ஆண்ட்ராய்டில் ‘லீக்கனேரி’ என்ற கசிவு கண்டறியும் கருவி இந்த வேலையைத் தானாகவே செய்துதருகிறது. அழிக்கப்பட்ட ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் ஒரு வீக் ரெஃபரன்ஸ் வைத்து, 5 விநாடி காத்திருந்து, சேகரிப்பு நடந்த பின்னும் அது காலியாகவில்லை என்றால் ஹீப் பதிவை எடுத்து, யார் பிடித்திருக்கிறார்கள் என்ற சங்கிலியைக் காட்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது, சங்கிலியில் எந்தக் கண்ணி அங்கே இருந்திருக்கவே கூடாது என்பதுதான்.